முதல் .22 பிஸ்டல்: டர்பன் ரேஞ்சில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில் டர்பனில் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லித் தருவது என் பொறுப்பு. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து உம்ஷ்லாங்காவில் குடியிருப்பவர்களும் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களுக்காக எழுதியவை. அங்கே பல மாநிலங்களில் காலையில் கடைக்குப் போனவர் மதியம் பிஸ்டலோடு வீடு திரும்பலாம்; பிடிக்காவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவில் முதல் பிஸ்டலைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அதோடு வருடக்கணக்கில் காலம் தள்ள வேண்டியிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரிம்ஃபயர் என்றால் என்ன?

ஒரு 9 மி.மீ. தோட்டாவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் பொட்டு வைத்ததுபோல ஒரு சின்ன வட்டம் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்தப் பொட்டில்தான் குத்தும். .22 தோட்டாவில், அதாவது சுமார் 0.22 அங்குலக் குறுக்களவுள்ள குண்டைச் சுடும் தோட்டாவில், பொட்டு கிடையாது. அதன் அடியில் தட்டு போல வெளியே நீட்டிய விளிம்பு இருக்கிறதே, அந்த விளிம்பின் உள்மடிப்பில்தான் பற்றவைக்கும் மருந்தைத் தடவியிருக்கிறார்கள். ஊசி விளிம்பை நசுக்கும், மருந்து பற்றும். விளிம்பில் (ரிம்) பற்றுவதால்தான் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். விளிம்பு நசுங்கிவிடுவதால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த முடியாது.

நாம் பேசுவது .22 லாங் ரைஃபிள் என்ற வகையை. 1887இல் வந்தது, இன்றும் அதேதான். குண்டு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயம். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி வகை நொடிக்கு 320, 330 மீட்டர் வேகத்தில் போகும். "பேர் லாங் ரைஃபிள்தானே, பிஸ்டலுக்கு ஆகுமா?" என்று கேட்கிறார்கள். ஆகும். .22 பிஸ்டல்களில் பெரும்பாலானவை இதற்காகச் செய்தவையே.

9 மி.மீ.யிலேயே தொடங்கினால் என்ன?

தொடங்கலாம். ஆனால் கெட்ட பழக்கத்தோடு தொடங்குவீர்கள்.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். நண்பர் ஒருவரின் 9 மி.மீ.யில் ஆறு மாதம் சுட்டிருக்கிறார். குண்டெல்லாம் இலக்கின் இடது கீழ் மூலையில் விழுகிறது, "சைட் சரியில்லை அக்கா" என்றார். குறி பார்க்க பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் இருப்பதைத்தான் சைட் என்கிறோம். நான் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் செருகியை, வாங்கி, நடுவில் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து கொடுத்தேன். எத்தனையாவது என்று அவருக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு வெடித்தது. மூன்றாவதற்கு 'டிக்' என்று வெறும் சத்தம். வெடிக்கவே இல்லை, ஆனால் பீப்பாயின் முனை இரண்டு விரல் அளவு சட்டென்று கீழே குத்திட்டு நின்றது. கண்களும் இறுக மூடியிருந்தன. அவரே அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வெடிக்கப்போகிறது என்று உடம்பு எதிர்பார்த்து முன்கூட்டியே தள்ளுகிறது. சைட்டில் ஒரு குறையும் இல்லை.

.22இல் உதைப்பும் சத்தமும் குறைவு. உடம்புக்கு பயப்படக் காரணம் கிடைப்பதில்லை. விசையை (ட்ரிகரை) அழுத்துவதில் மட்டும் மனதை வைக்கலாம். கூடவே, தோட்டாவின் விலை 9 மி.மீ.யில் ஏறக்குறைய பாதி, சில சமயம் அதற்கும் கீழே. அந்தத் தம்பி இப்போது கிளப்பின் .22இல் சுடுகிறார். நாலே வாரத்தில் குண்டுகள் கறுப்பு வட்டத்துக்குள் வந்துவிட்டன.

இது சின்னப் பிள்ளைகளின் துப்பாக்கி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் .22இல்தான் நடக்கின்றன. 2012 லண்டனில் இந்தியாவின் விஜய் குமார் வேகமாகச் சுடும் ரேபிட் ஃபயர் போட்டியில் வெள்ளி வாங்கியதும், 2024 பாரிஸில் மனு பாக்கர் 25 மீட்டரில் நான்காவதாக வந்ததும் இதே தோட்டாவில்தான்.

சட்டப்படி நான் என்னென்ன செய்ய வேண்டும்?

2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பொதுவாக வயது 21 ஆகியிருக்க வேண்டும். முதலில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சட்ட அறிவுத் தேர்வையும் கைத்துப்பாக்கிப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். அந்தச் சான்றிதழோடு உங்கள் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கி விவகாரம் பார்க்கும் அதிகாரியிடம் போய், சாப்ஸ் (தென்னாப்பிரிக்கக் காவல்துறை) 517 படிவத்தில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவரை எல்லோரும் டி.எஃப்.ஓ. என்றுதான் சொல்வார்கள். தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகு, குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கு, அதன் சீரியல் நம்பரோடு, சாப்ஸ் 271 படிவத்தில் லைசன்ஸ் கேட்க வேண்டும். பணம் கட்டி வாங்கிய பிஸ்டல் லைசன்ஸ் வரும்வரை கடைக்காரரின் சேஃபிலேயே (இரும்புப் பெட்டகத்திலேயே) இருக்கும். வீட்டிலும் விதிப்படியான சேஃப், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியது, தயாராக இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்க மாதக்கணக்காகும். அவசரப்படாதீர்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து, தேதி முத்திரை வாங்கி, ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். என் முதல் விண்ணப்பத்தில் ஒரு தாள் எங்கேயோ காணாமல் போய்விட்டது. முத்திரை வைத்த நகல் கையில் இருந்ததால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் தப்பித்தேன்.

எப்போதாவது சுடுபவர்களுக்கு 15ஆம் பிரிவின்கீழ் கொடுக்கும் லைசன்ஸ் 10 ஆண்டு செல்லும். முடிவதற்குக் குறைந்தது 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும். இந்த 90 நாளை மறந்து மாட்டிக்கொண்டவர்கள் நம் பக்கத்தில் நிறைய. போனில் இன்றைக்கே நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

15ஆம் பிரிவில் ஒரே ஒரு கைத்துப்பாக்கிதானாமே?

ஆமாம். நீங்கள் எதை வாங்கலாம் என்பதைத் தீர்மானிப்பதே இதுதான். 15ஆம் பிரிவில் மொத்தம் நான்கு லைசன்ஸ் வரை வைத்திருக்கலாம். அதில் கைத்துப்பாக்கி ஒன்றே ஒன்று. அந்த ஒரு இடத்தை .22க்குக் கொடுக்கிறீர்களா, 9 மி.மீ.க்கு விட்டுவைக்கிறீர்களா என்பதைக் கடைக்குப் போவதற்கு முன் முடிவு செய்யுங்கள். தற்காப்புக்கான 13ஆம் பிரிவு லைசன்ஸ் ஏற்கெனவே இருந்தால், இந்த நான்கில் ஒன்று குறையும்.

இன்னொரு வழி 16ஆம் பிரிவு. அங்கீகாரம் பெற்ற விளையாட்டுச் சங்கத்தில் உறுப்பினராகி, அவர்கள் கேட்கும் தேர்வுகளை முடித்து, தவறாமல் சுட்டு வந்தால் 'டெடிகேட்டட்' தகுதி தருவார்கள். அதன்பின் ஒன்றே ஒன்று என்ற வரம்பு இல்லை. நேட்ஷூட் போன்ற சங்கங்கள் நாடு முழுக்க உறுப்பினர் சேர்க்கின்றன. இந்த விளையாட்டில் நிலைத்து நிற்பீர்கள் என்று தோன்றினால் இந்த வழியில் போவதே நல்லது என்பது என் எண்ணம்.

லைசன்ஸ் இல்லாமல் சுட்டுப் பார்க்க முடியாதா?

முடியும். லைசன்ஸ் வைத்திருப்பவர் தன் நேரடிக் கண்காணிப்பில் இன்னொருவரைச் சுட விடலாம், சட்டமே அனுமதிக்கிறது. வாங்குவதற்கு முன் குறைந்தது நாலைந்து பேருடைய பிஸ்டலைச் சுட்டுப் பாருங்கள். கிளப்பில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. உங்கள் தோட்டாக் காசை மட்டும் கொடுத்துவிடுங்கள், அது மரியாதை.

ஒரு எச்சரிக்கை. லைசன்ஸ் இல்லாதவர் கையில் தோட்டா இருப்பதே குற்றம். கிளம்பும்போது சட்டைப் பை, பேன்ட் பை, பையின் அடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். .22 தோட்டா ஏலக்காய் போலச் சின்னது. தையல் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கிங் ஷாகா விமான நிலையத்தில் ஸ்கேனரில் மாட்டும்போது "தெரியாமல் வந்துவிட்டது" என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்.

சரி, பிஸ்டலில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் எடை. இலக்குக்குச் சுட ஒரு கிலோவை ஒட்டிய பிஸ்டல் நல்லது. கனமானது மெதுவாக ஆடும். லேசானது கொசு போலப் பறக்கும். நான் முதலில் வாங்கியது அரை கிலோகூட இல்லாத சின்ன பிஸ்டல். கடையில் கைக்கு அடக்கமாக, அழகாக இருந்தது. ரேஞ்சில் 25 மீட்டரில் முன் சைட் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. ஒரே கைத்துப்பாக்கி என்ற வரம்பு இருந்ததால் அதை விற்று, மறுபடி விண்ணப்பித்து, மாற்றி வாங்குவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அடுத்து சைட். பின் சைட் ஸ்க்ரூ வைத்துத் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும். மேலே கீழேயும், இடது வலதும். ஏனென்றால் தோட்டாவின் பிராண்டை மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் உள்ள தூரமும் முக்கியம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 200 மி.மீ. என்றால், முன் சைட் ஒரு மி.மீ. விலகினால் 25 மீட்டரில் குண்டு 125 மி.மீ. தள்ளி விழும். சின்ன பிஸ்டலில் அந்த இடைவெளி 130 மி.மீ.தான், அதே ஒரு மி.மீ. தவறுக்கு 192 மி.மீ. தள்ளி விழும். சர்வதேசப் போட்டிக்கான 25 மீட்டர் துல்லியச் சுற்று இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 50 மி.மீ. மட்டுமே. ஒருவர் சைட் இரண்டையும் நேராக வைத்துக்கொண்டு, கை முழுவதும் ஒரு சென்டிமீட்டர் ஆடினால் குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் விலகும். கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், சைட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது விசை. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் .22 பிஸ்டலின் விசை குறைந்தது ஒரு கிலோ எடையைத் தாங்க வேண்டும். புதியவருக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ வரை சரியாக இருக்கும். எடையைவிட முக்கியம், அது இழுபடும் விதம். மெல்ல அழுத்திக்கொண்டே போனால் கண்ணாடிக் குச்சி ஒடிவது போலச் சட்டென்று விடுபட வேண்டும். மணலில் இழுப்பது போல நறநறவென்று வந்தால் வேண்டாம். கடைக்காரரின் அனுமதியோடு, காலி என்று இருவரும் பார்த்த பிறகு, கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். போலித் தோட்டா போட்டுத்தான்.

மேகசினில் பத்து தோட்டா போதும். போட்டியில் ஐந்தைந்தாகத்தான் போடுகிறோம். ஆனால் கூடுதல் மேகசின் இங்கே எளிதாகக் கிடைக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

பெயர் சொல்லுங்கள். எதை வாங்கலாம்?

காசுக்குத் தக்க, இலக்குக்கு உதவும் பிஸ்டல்கள் என்றால் நான் மூன்றைச் சொல்வேன்.

ருகர் மார்க் வரிசை. 1949இல் ருகர் கம்பெனி தொடங்கியதே இந்த பிஸ்டலோடுதான். மார்க் 2 வந்தது 1982இல், மார்க் 4 வந்தது 2016இல். பழையவை தேயாமல் உழைக்கும், ஆனால் கழற்றினால் மறுபடி மாட்டுவது பெரும்பாடு, பொறுமைசாலிகளே அலுத்துக்கொள்வார்கள். மார்க் 4இல் பின்னால் ஒரு பட்டனை அழுத்தினால் மேல்பாகம் அப்படியே மடங்கி வந்துவிடும். டார்கெட் வகையில் திருப்பக்கூடிய சைட்டும் கனமான பீப்பாயும் இருக்கும்.

பிரவுனிங் பக் மார்க். 1985இலிருந்து வருகிறது. எடுத்தவுடனேயே நல்ல விசை, அதுதான் இதன் சிறப்பு. முழுதாகக் கழற்ற ஆலன் கீ வேண்டும்.

ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி. 2016இல் வந்தது. துருப்பிடிக்காத எஃகு, ஒரு கிலோ சொச்சம் எடை, ஒரே ஸ்க்ரூவில் பிரிந்துவிடும். பீப்பாயை மாற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரத்தில் வரும். இங்கே பீப்பாய்க்கே லைசன்ஸ் வேண்டும், அதனால் அந்த வசதியை நம்பி வாங்காதீர்கள்.

மூன்றில் என்னைக் கேட்டால், கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விக்டரி, அல்லது ஸ்டெயின்லெஸ் மார்க் 4. உள்ளே பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருந்தால் பழைய பக் மார்க் மலிவாகக் கிடைத்தாலும் சந்தோஷமாக வாங்கலாம்.

க்ளாக் 44, டாரஸ் டிஎக்ஸ்22, வால்தர் பி22 இவையெல்லாம் லேசான, சின்ன பிஸ்டல்கள். கெட்டவை அல்ல. ஏற்கெனவே க்ளாக் 19 வைத்திருப்பவர் மலிவாகப் பழக க்ளாக் 44 மிகப் பொருத்தம், பிடியும் அளவும் அப்படியே இருக்கும். 25 மீட்டரில் வட்டத்துக்குள் குண்டுகளை நெருக்கமாகச் சேர்க்க ஆசைப்படுகிறவருக்கு இவை ஒத்துவராது. பார்டினி, வால்தர் ஜிஎஸ்பி போன்ற போட்டி பிஸ்டல்களை இப்போது நினைக்கவே வேண்டாம். அவற்றின் விலையில் பல வருடத் தோட்டா வாங்கிவிடலாம்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் முதலில் அங்கேதான் தேட வேண்டும். ஒரே ஒரு கைத்துப்பாக்கி இடத்தை .22க்குச் செலவிட நிறையப் பேர் விரும்புவதில்லை. அதனால் டீலர்களிடம் நல்ல பழைய .22கள் கிடக்கும். இறந்தவர்களின் சொத்திலிருந்து வருபவையும் உண்டு. சேஃபிலேயே தூங்கி, ஐந்நூறு தோட்டாகூடச் சுடாதவை.

பார்க்க வேண்டியது: பீப்பாயின் வாய் விளிம்பில் பள்ளமோ கீறலோ இருக்கக் கூடாது. தோட்டா உட்காரும் இடத்தின் விளிம்பில், ஊசி குத்தும் பக்கத்தில், சின்னக் குழி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காலியாக வைத்து அடித்து அடித்துப் பழகிய பிஸ்டலில் அப்படி வரும். அப்புறம் தோட்டா சிக்கும். மேகசினின் உதடுகள் வளைந்திருக்கக் கூடாது. ருகர் மார்க் 4 என்றால் 2017 ஜூனுக்கு முன் தயாரானதா என்று கேளுங்கள். அந்தத் தொகுதியில், சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) நடுவில் நிற்கும்போது விசையை அழுத்தினால், பின்னர் சேஃப்டியை விடுவிக்கும்போது வெடிக்க வாய்ப்பிருந்தது. கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்யாத ஒன்று உங்களிடம் வந்துவிடக் கூடாது.

ரிவால்வர்?

நல்ல விசையுள்ள .22 ரிவால்வரின் விலை மேலே சொன்ன மூன்றையும் தாண்டிவிடும். மலிவான கௌபாய் வகையில் பின் சைட்டைத் திருப்ப முடியாது. இலக்குக்கு வேண்டாம்.

என் 9 மி.மீ.க்கு .22 கன்வர்ஷன் கிட் போட்டால் செலவு மிச்சம்தானே?

கன்வர்ஷன் கிட் என்பது 9 மி.மீ. பிஸ்டலில் .22 சுட வைக்கும் மாற்றுப் பாகங்கள். சிஇசட் 75 என்ற 9 மி.மீ. பிஸ்டலுக்கு வரும் கேடட் போன்ற கிட்டுகள் மிக நன்றாகவே சுடும். ஆனால் கிட்டில் பீப்பாய் இருக்கிறது, தென்னாப்பிரிக்கச் சட்டப்படி பீப்பாயும் துப்பாக்கியே. முதலில் டீலரிடமும் டி.எஃப்.ஓ.விடமும் பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற மாமா பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் பொருள் இல்லை இது.

எவ்வளவு தோட்டா வைத்திருக்கலாம்? எது நல்லது?

டெடிகேட்டட் தகுதி இல்லாதவர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஐம்பது தோட்டா உள்ள பெட்டி நான்கு, அவ்வளவுதான். 500 தோட்டா உள்ள பெரிய பெட்டி மலிவு என்று ஆசைப்பட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற ரேஞ்சில் வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பது இந்தக் கணக்கில் வராது.

வகை என்றால் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி. சிசிஐ ஸ்டாண்டர்ட், எஸ்கே ஸ்டாண்டர்ட் ப்ளஸ், எலே இவற்றில் எது கிடைக்கிறதோ அதில் ஒரு பெட்டி வாங்கி, பிஸ்டலை மணல் மூட்டைமேல் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு ருசி உண்டு. பக்கத்து மேசைக்காரர் சத்தியம் செய்யும் பிராண்ட் உங்கள் பிஸ்டலில் சிதறலாம். ஹை வெலாசிட்டி 25 மீட்டருக்குத் தேவையே இல்லை. லேசான பிஸ்டல்கள் சில அது இல்லாமல் ஒழுங்காக ஓடாது என்பது தனி விஷயம்.

வாரம் நூறு தோட்டா என்றால் வருடத்துக்கு ஐயாயிரம். ஒன்றிரண்டு வருடத்தில் தோட்டாச் செலவு பிஸ்டல் விலையைத் தாண்டிவிடும். ஆகவே பட்ஜெட் போடும்போது பிஸ்டலில் கொஞ்சம் குறைத்து, தோட்டாவுக்கும் கிளப் சந்தாவுக்கும் எடுத்து வையுங்கள். சேஃப், பயிற்சிக் கட்டணம், காதுக் கவசம், கண்ணாடி இவையும் முதல் வருடக் கணக்கில் சேரும்.

வெடிக்காமல் 'டிக்' என்றால்?

ரிம்ஃபயரில் இது எப்போதாவது நடக்கும். விளிம்பைச் சுற்றி மருந்து சமமாகப் பரவாமல் போனால் ஊசி குத்திய இடத்தில் பற்றாது. பிஸ்டலை இலக்குப் பக்கமே பிடித்தபடி முப்பது நொடி எண்ணுங்கள். அப்புறம் மேகசினை எடுத்து, தோட்டாவை வெளியே தள்ளுங்கள். திருப்பி உங்கள் பக்கம் வைத்து எட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து 'புஸ்' என்று கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு பீப்பாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம். ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

டர்பன் ஈரத்தில் துருப்பிடிக்குமா?

பிடிக்கும், நீங்கள் நினைப்பதைவிட வேகமாக. பிப்ரவரியில் ஒரு முறை, சுட்டுவிட்டுத் துடைக்காமல் ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் மூடி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை திறந்தால், பிடிக்கு மேலே என் கட்டைவிரல் பட்ட இடத்தில் ரேகை ரேகையாகச் செம்பழுப்பு. வியர்வையின் உப்பு, கடற்காற்று, ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பாஞ்ச், மூன்றும் சேர்ந்தால் ஒரு வாரம் போதும். கறுப்புப் பூச்சு போட்ட எஃகைவிட ஸ்டெயின்லெஸ் தாங்கும், ஆனால் அதுவும் முழுக்கத் தப்பாது.

வீட்டுக்கு வந்தவுடன் எண்ணெய் தொட்ட துணியால் வெளியே துடையுங்கள். சேஃபுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள். தோல் உறையிலோ ஸ்பாஞ்ச் பெட்டியிலோ வைத்துப் பூட்டாதீர்கள். பீப்பாயின் உட்புறத்தை வாரா வாரம் தேய்க்க வேண்டியதில்லை. தோட்டா உட்காரும் இடத்தையும் போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கும் உலோகத் துண்டின்) முகத்தையும் சுத்தமாக வைத்தால் போதும். .22இன் மெழுகும் கரியும் அங்கேதான் சேரும்.

மாமாவின் கரும்புத் தோட்டத்தில் டின் வைத்து அடிக்கலாமா?

நம் ஆட்கள் நிறையப் பேருக்கு ஸ்டேங்கர், டோங்காட் பக்கம் நிலம் இருப்பதால் இதை அடிக்கடி கேட்கிறார்கள். .22 பெட்டிகள் பலவற்றில் குண்டு ஒன்றரை மைல் வரை போகும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்று தெரியாது. கல்லிலும் தண்ணீரிலும் பட்டால் குண்டு தெறித்துத் திசை மாறும். குண்டை விழுங்கும் அளவு உயரமான மண்மேடு இல்லாத இடத்தில் நான் சுட மாட்டேன், உங்களையும் சுட விட மாட்டேன். ரேஞ்சுக்கு வாருங்கள்.

வீட்டுப் பாதுகாப்புக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அதற்கான சக்தியும் நம்பகமும் இதற்கு இல்லை. லைசன்ஸ் வாங்கும் காரணமும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சரிவருமா?

நானே பெண்தான். சின்ன கைக்குச் சின்ன பிஸ்டல் என்று கடையில் காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். பிடியின் சுற்றளவுதான் கைக்குப் பொருந்த வேண்டும். பிஸ்டலின் நீளமோ எடையோ பிரச்சினை இல்லை. ஆரம்பத்தில் இரண்டு கையாலும் பிடிக்கலாம், கை வலுப்பட்ட பிறகு ஒற்றைக் கைக்கு மாறலாம்.

எங்கள் கிளப்பில் எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா இருக்கிறார். மூட்டுவாதத்தால் 9 மி.மீ.யின் ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகத்தை) இழுக்க முடியாமல் விட்டுவிட்டவர். ருகர் மார்க்கில் முழு ஸ்லைடு கிடையாது, பின்னால் இரண்டு காது போல நீட்டிய சின்ன போல்ட்டை இரண்டு விரலால் இழுத்தால் போதும். கண்ணுக்கு முன் சைட் மங்கலாகத் தெரிகிறது என்று சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் போட்டுக்கொண்டார். சர்வதேச விதிப்படி நடக்கும் போட்டியில் அதற்கு இடமில்லை, ஆனால் அவர் சுடுவது தன் மகிழ்ச்சிக்கு. பேரன் தோட்டாவை மேகசினில் நிரப்பிக் கொடுக்க, தாத்தா சுடுவார்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

கிளப் விதியைக் கேட்டுவிட்டு, உங்கள் பக்கத்திலேயே நின்று, நேரடிக் கண்காணிப்பில் சுடலாம். சொந்தமாக வைத்திருக்க வயது வர வேண்டும்.

கையைக் கழுவச் சொல்லி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

குண்டு ஈயம், பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் ஈயம். அது விரலில் ஒட்டும். நாமோ கையால் சாப்பிடுகிறவர்கள். ரேஞ்ச் முடிந்ததும் எல்லோரும் பன்னி சௌ வாங்கி, ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். முதலில் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். சுடும் மேசையில் வடையோ மாங்காய்த் துண்டோ வைக்காதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சட்டையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

லைசன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

ஏர் பிஸ்டல். 10 மீட்டருக்கான 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கு இங்கே லைசன்ஸ் வேண்டாம். சைட் பார்ப்பது, மூச்சு விடுவது, விசையை அழுத்துவது எல்லாம் அதே பாடம்தான். இன்னும் கண்டிப்பான பாடம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் குண்டு பீப்பாயை விட்டுப் போக அதிக நேரம் எடுக்கும், அதுவரை கை அசையக் கூடாது. வீட்டுத் தோட்டத்தில் சுடாதீர்கள், பக்கத்து வீடு நெருக்கம். கிளப்பின் 10 மீட்டர் வரிசைக்கு வாருங்கள்.

முதல் நாள் என்ன எடுத்து வர வேண்டும்?

அடையாள அட்டை, மூடிய ஷூ, கழுத்து மூடிய சட்டை. சூடான கூடு கழுத்துக்குள் விழுந்தால் துள்ளுவீர்கள், கையில் பிஸ்டல் இருக்கும்போது அப்படித் துள்ளக் கூடாது. காதுக் கவசமும் கண்ணாடியும் முதல் நாளைக்கு நாங்களே தருகிறோம். குடிக்கத் தண்ணீர், ஒரு துண்டு சோப்பு. எட்டரைக்கு முன் வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் இலக்கின் கறுப்பு வட்டம் கண்ணுக்குள் மிதக்க ஆரம்பித்துவிடும்.